இரண்டு மணிச் சங்கு

மில் சங்கை இறக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுவாரம், அந்தச் சங்கு ஆவுடைத்தாயின் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். தெரியாது. வந்தது, அவ்வளவுதான்.

சங்கு என்றால் கோயிலில் ஊதுகிற சங்கு இல்லை. மில் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இரும்புக் கோபுரத்து உச்சியில் இருந்த சைரன். உப்போடைப்பட்டியில் அதைச் சங்கு என்றுதான் சொல்வோம். காலையில் ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து என்று மூன்று வேளை ஊதும். ஊதினால் உள்ளே இருப்பவன் வெளியே வருவான், வெளியே இருப்பவன் உள்ளே போவான். சத்தம் ஒன்றுதான். அந்தச் சத்தத்துக்குத்தான் எங்கள் ஊரில் உலை வைத்தார்கள், உலையை இறக்கினார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், பால் மறக்கடித்தார்கள், பெண் பார்க்க வந்தவர்களை எழுப்பி அனுப்பினார்கள், செத்தவனைத் தூக்கினார்கள். எங்கள் அப்பன்மார் காதுக்குள் போன சத்தம் காதில் நிற்காமல் காலுக்கு இறங்கி, காலிலிருந்து எங்கள் காலுக்கு வந்து, வேலையை விட்டு வீட்டில் கிடக்கிற கிழவன்கூடச் சங்கு ஊதினால் துண்டை உதறித் தோளில் போட்டுத் தெருமுனை வரை நடந்துபோய், அங்கே நின்று யோசித்து, தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வருவான்.

பழைய முதலாளியின் மகன்கள் மில்லை ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். கம்பெனிக்குப் பெயர் உண்டு. அது எதற்கு. வந்ததும் வாசலில் கட்டைவிரல் வைக்கிற மிஷினை மாட்டினார்கள். இனிமேல் சங்கு தேவையில்லை, சத்தம் ஊருக்குக் கெடுதல் என்று சொல்லி இறக்கினார்கள். அடுத்தாற்போல, பஞ்சுத் தூசி வெளியே போகிறது என்று ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சுவர்க் கடிகாரம் ரிப்பேருக்குப் போனது, வரவில்லை. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது. ஷிப்ட் முடிந்ததா என்று சூப்பர்வைசரைக் கேட்டால், முடிந்ததும் சொல்கிறேன் என்பார். அவர் சொல்லி நாங்கள் வெளியே வந்தால் பொழுது அடைந்திருக்கும். எங்கள் அப்பன்மார் மண்டை உடைந்து வாங்கிய எட்டு மணி நேரம் எட்டாக இல்லை. எத்தனை என்று சொல்லவும் எங்களிடம் எதுவும் இல்லை.

ஆவுடைத்தாய் ரிங் பிரேம் மிஷினில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிறவள். ஐம்பதை ஒட்டிய வயது. வாய் கொஞ்சம் அதிகம். புருஷன் கடற்கரையும் மில்காரன்தான். பஞ்சு அடிக்கிற இடத்தில் நின்று நின்று நெஞ்செல்லாம் பஞ்சு அடைத்து, நாலு வீடு தாண்டினால் உட்கார்ந்து இருமிவிட்டுத்தான் மேலே போவான். வேலையை விட்டு நாளாகிவிட்டது. அவர்களுக்குப் பிள்ளையில்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

முதலில் அவள் வாயில் இரும்பு ருசி வந்தது. குழம்பு இரும்பாக இருக்கிறது, தண்ணீர் இரும்பாக இருக்கிறது என்று போர்வெல்லைத் திட்டினாள். முந்தானையில் வாயைத் துடைத்தால் துரு நிறத்தில் கறை பிடித்தது. தெருநாய்கள் அவள் வாசலில் வந்து, குரைக்காமல், காதைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தன. அவள் வெந்நீரை ஊற்றி விரட்டினாள். அவை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன.

ஒருநாள் மத்தியானம் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவளுக்குக் கொட்டாவி வந்தது. வாயைத் திறந்தாள். சங்கு ஊதியது.

முதலில் அடிவயிற்றில் யாரோ முனகுகிற மாதிரி கீழே ஆரம்பித்து, ஏறி, ஏறி, கூரைத் தகட்டைத் தொட்டு, அங்கேயே நின்று, பிறகு இறங்கியது. அதே சங்கு. அவள் நாக்கு ஆடவில்லை, உதடு அசையவில்லை. கண் மட்டும் விரிந்து, யாராவது வந்து இதை நிறுத்துங்கள் என்று எங்களைப் பார்த்தது. நாங்கள் நிறுத்தவில்லை. எங்கள் கை மிஷினை விட்டது, கால் திரும்பியது, வரிசையாக நடந்தோம். சூப்பர்வைசர் எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார், சட்டை கிழிந்தது, நாங்கள் நடந்தோம். வாட்ச்மேன் சூசை, பழைய ஆள், என்ன ஏது என்று யோசிக்காமல் கேட்டைத் திறந்துவிட்டான். வெளியே வந்தால் வெயில். உச்சி சாய்ந்த வெயில். சங்கு போனதிலிருந்து நாங்கள் பார்க்காத வெயில். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சங்கு திரும்பி வந்துவிட்டது, கோபுரத்தில் இருந்தது தொண்டையில் இருக்கிறது, அவ்வளவுதானே என்றார்கள். தொழிற்சங்கக் காரியதரிசி பரமன் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, நேரம் தவறாமல் வருமா என்பது. தவறவில்லை. மூன்று வேளையும் வந்தது. வீட்டுக்குள் ஊதினால் கண்ணாடி டம்ளர் உடைகிறது, தொட்டில் பிள்ளை விறைத்துக்கொள்கிறது என்பதால், நேரம் நெருங்கினால் அவள் கண்மாய்க்கரைக்குப் போய் நின்று ஊதுவது என்றும், உள்ளே வேலையில் இருந்தால் மட்டும் நின்ற இடத்தில் ஊதுவது என்றும், முழுகாமல் இருக்கிற பெண்கள் அந்நேரம் கண்மாய்ப் பக்கம் போகக் கூடாது என்றும் தெருவில் பேசி முடிவு செய்தார்கள். டீக்கடைக்காரர் வடைச் சட்டியை அந்தச் சத்தத்துக்கு இறக்கினார். மாதா கோயில் மணியும் பள்ளிவாசல் கடிகாரமும் அவளை வைத்துத் திருத்தப்பட்டன. பஸ் டிரைவர் கண்மாய்க்கரையில் அவள் தலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். பனங்கற்கண்டும் மிளகும் சித்தரத்தையும் அவள் வீட்டுக்குக் கூடைகூடையாகப் போயின.

எல்லோரும் கடற்கரையைக் கேலி பேசினார்கள். "அண்ணே, மதினி சண்டை போட்டா ஊரே வேலைக்குக் கெளம்பிருமே" என்றான் ஒருத்தன்.

"ஊரு மூணு வேளைதாம்லே கேக்கு. எனக்கு ஓவர்டைம்" என்றான் கடற்கரை.

சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. வாய் அதிகம் என்று சொன்னோமே, அந்த வாய் கம்மியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு ஊதலுக்கும் அவளிடமிருந்து ஏதோ கழன்றது. பல் ஆடியது. தலைமுடி முன்பக்கம் துரு நிறமாகி, உதிர்ந்தது. எச்சில் துப்பினால் இரும்புப் பொடி விழுந்தது. ஒருநாள் காலையில் கடற்கரைக்குச் சுடுகஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாளாம். அவன் பிறகு எங்களிடம் சொன்னது.

"எனக்குப் பயமா இருக்கு. அது என்னையக் கேட்டுட்டு வரல. போவும்போதும் கேக்காது. போவும்போது என்னையும் எடுத்துட்டுப் போயிரும் போலருக்கு."

வாயைத் திறக்காமல் இரு, ஊர் எக்கேடாவது கெட்டுப்போகட்டும் என்றான் அவன். திறக்காவிட்டால் உள்ளே இருக்கிறதுகள் எப்போது வெளியே வரும் என்று கேட்டாள் அவள்.   எங்களைக் கேட்டிருந்தால் ஊது என்றுதான் சொல்லியிருப்போம். எங்களுக்கு வெயில் வேண்டியிருந்தது.

கம்பெனி முதலில் சிரித்த முகத்தைத்தான் அனுப்பியது. ஹெச்.ஆர். ஆபீசர் நவநீதன், சின்னப் பையன், எல்லோரையும் ஐயா அம்மா என்பான். டாக்டரைக் கூட்டிவந்தான். டாக்டர் அவள் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டார்ச்சை அணைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம் நவநீதன், ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம், அறைக்குக் கதவு கெட்டி, உள்ளே என்ன சத்தம் போட்டாலும் வெளியே கேட்காது என்றான். மாட்டேன் என்றாள். அதற்கப்புறம் போலீஸோடு வந்தான். பழைய இரும்புக்கடையில் போட்ட சைரனில் கூடு மட்டும்தான் இருக்கிறது, அதில் சத்தம் இல்லை, கம்பெனிச் சொத்தான சத்தம் இந்த அம்மாவின் தொண்டையில் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கிற வரை வேலை கிடையாது என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தான். இன்ஸ்பெக்டர் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் கை மட்டும் மெல்ல ஏறிக் கழுத்தை மூடிக்கொண்டது. அந்தக் கையைப் பார்த்த அன்றுதான் எங்களுக்கும் பயம் வந்தது.

வெளியே நிறுத்தினால் என்ன, அவள் கேட்டுக்கு எதிரே நின்று ஊதினாள். சத்தத்துக்குச் சுவர் ஏது. நாங்கள் வந்துகொண்டுதான் இருந்தோம். கம்பெனி யோசித்தது. ஒரிசாவிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண் பிள்ளைகளைக் கொண்டுவந்து, மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல் கட்டி வைத்தார்கள். அவர்கள் அப்பன் காதிலோ பாட்டன் காலிலோ எங்கள் சங்கு கிடையாது. அவள் ஊதும்போது நாங்கள் மட்டும் நடக்க, அதுகள் மிஷினோடு நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. எங்கள் பெண்கள் அவர்களை ஏசினார்கள். அதுகளுக்குப் புரியவில்லை, சிரித்தன. அப்புறம் கம்பெனி எங்களை நாலுபேர் ஐந்துபேராகக் கழித்துக்கட்ட ஆரம்பித்தது. பரமன் கொடியை எடுத்தான். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம்.

இங்கேதான் நாங்கள் யோசிக்கத் தவறினோம்.

முதல் நாள் இரண்டு மணிக்கு அவள் ஊதினாள். உள்ளே இருப்பவனை வெளியே தள்ளுகிற சங்கு, வெளியே இருப்பவனை உள்ளே இழுக்கும். நாங்கள் எல்லோரும் வெளியே இருந்தோம். பந்தலில் இருந்தது மொத்தமும் எழுந்தது. கோஷம் போட்டுக்கொண்டிருந்தவன் வாயில் கோஷத்தோடு எழுந்தான். வரிசையாகப் போய்ப் பூட்டிய கேட்டில் முட்டினோம், பின்னால் வந்தவன் முன்னால் நின்றவன் முதுகில் முட்டினான், சத்தம் அடங்குகிற வரை மாடு மாதிரி முட்டிக்கொண்டு நின்றோம். பரமன் கொடிக்கம்பால் எங்கள் காலில் அடித்துக்கொண்டே, அடிக்கிறவனும் கேட்டைப் பார்த்துத்தான் நடந்தான். ஆபீஸ் மாடி ஜன்னலில் நவநீதன் நின்றிருந்தான். நாங்கள் அன்றைக்குக் கற்றுக்கொண்டதை அவனும் கற்றுக்கொண்டான்.

அதற்கப்புறம் அவள் வாயைக் கட்டினோம். வேறு வழி சொல்லுங்கள். ஊரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய்ப் பார்த்தோம். சங்கு தூரம் கேட்கத்தானே செய்த சாமான், எவ்வளவு தள்ளிப் போனாலும் கேட்டது. கடற்கரைதான் கட்டுவான். வேறு யாரையும் தொடவிட மாட்டான். ஈரத் துண்டை நாலாக மடித்து, வாய்க்குக் குறுக்கே சுற்றி, பிடரியில் முடிச்சுப் போட்டு, அவளை மடியில் சாய்த்துக்கொள்வான். நேரம் வரும். அவள் உடம்பு விறைக்கும். சத்தம் வாயில் வழி கிடைக்காமல் எலும்புக்குள் ஓடும். பந்தக்கால் அதிரும், மூக்கில் ரத்தம் வரும், கண் எங்கள் எல்லோர் மேலும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து கடற்கரை முகத்தில் நிற்கும். எங்கள் கால் தரையில் துள்ளும். பெண்கள் எங்கள் பாதங்கள்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், அவர்கள் பாதங்களை நாங்கள் பிடித்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து ஆதரவு சொல்ல வந்த தோழர்கள் ஒருமுறை இதைப் பார்த்தார்கள். மறுபடி வரவில்லை.

அவள் செத்துவிடுவாள் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குள் கம்பெனி இறங்கிவரும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

இப்போது ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் முதலாளி வந்தால் தொழிலாளி எழுந்து, குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். தன் மூச்சுக்காற்று அவர் மேல் பட்டுவிடக் கூடாது. எங்கள் சங்கம் பிறந்தபோது கேட்ட முதல் கோரிக்கை கூலி இல்லை. வாயிலிருந்து கையை எடுப்பதுதான். அதற்காக நாலு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஜெயித்த பிறகு, மில்லுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் சங்கத்து ஆள் சொல்கிற முதல் வார்த்தை, "கையை எடு" என்பதுதான். முதலாளி முன்னால் எங்கள் ஊர்க்காரன் எவனும் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டான். இருமல் வந்தால்கூடக் கை வைக்காமல் இருமுவோம். அது எங்கள் கெத்து.

சூசைக்கும் அது கெத்துதான். நவநீதன் தினமும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அந்தக் காலத்துக் கதையெல்லாம் சொல்லுங்க ஐயா என்று கேட்டுக்கொண்டிருந்தான். சூசை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். பாவம், அவனைக் குறை சொல்லி என்ன.

பந்தலில் துணியெல்லாம் வெளுத்துப்போன சமயம், ஒரு மத்தியானம், கேட்டை அகலத் திறந்து வைத்தார்கள். வெள்ளைக் கார் வந்தது. கம்பெனி முதலாளியே வந்து இறங்கினார். நாங்கள் அதுவரை படத்தில்கூட முழுதாகப் பார்க்காத ஆள். பேச வந்துவிட்டார், இறங்கி வந்துவிட்டார் என்று பந்தல் முழுக்க ஒரு மூச்சு ஓடியது. கையைக் கூப்பிக்கொண்டு நேராக ஆவுடைத்தாய் முன்னால் வந்து நின்றார். அவள் துண்டோடு கடற்கரை மடியில் கிடந்தாள். அவர் ஒன்றும் பேசவில்லை. வணக்கம் வைத்தபடியே நின்றார்.

அவள் எழுந்தாள். முதலாளி நிற்கிறார், வாயில் துணி. அவள் மாமனார் ஜெயிலுக்குப் போன நாலு பேரில் ஒருத்தர். அவள் தலையை நிமிர்த்தினாள், கையைப் பின்னால் கொண்டுபோனாள், முடிச்சை அவிழ்த்தாள். பரமன் அவளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்களும்தான். எங்களில் ஒருத்தருக்கும் மணி நினைவில் இல்லை. கடற்கரை மட்டும் கையை நீட்டி, "ஆவுடை, துணி, துணி" என்றான். இருமல் வந்து மறித்தது.

அவள் முதலாளியை நேராகப் பார்த்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

சங்கு ஊதியது. அடைத்து வைத்த அத்தனை நாள் சத்தமும் சேர்ந்து ஊதியது. பந்தல் சரிந்தது. கண்மாய்த் தண்ணீர் கரையேறியது. நாங்கள் எழுந்தோம், துண்டை உதறித் தோளில் போட்டோம், வரிசையாக, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, கொடி பிடித்தவன் கொடியோடும், கைப்பிள்ளைக்காரி பிள்ளையைப் பக்கத்தில் நின்ற கிழவியிடம் கொடுத்துவிட்டும், திறந்த கேட்டுக்குள் நடந்து, மிஷினில் கட்டைவிரலை வைத்து வைத்து உள்ளே போனோம். கடற்கரையும் வந்தான். நாலு வீடு தாண்ட முடியாதவன் கால் எங்களுக்குச் சமமாக நடந்தது. கழுத்து மட்டும் பின்னால் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே வந்தது. அவள் வாயை மூடப் பார்த்தாள். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து மூடப் பார்த்தாள். முடியவில்லை. கேட்டு மூடுகிறபோது கடைசியாகப் பார்த்தது, ஒரு வெள்ளை வேனும், அதிலிருந்து மெத்தை மாதிரி எதையோ தூக்கிக்கொண்டு இறங்கிய ஆட்களும்.

வேலைநிறுத்தம் சுமுகமாக முடிந்தது என்று பேப்பரில் வந்ததாம். சூசைதான் ஒருதடவை கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னான். அவளைப் பற்றியும் சொன்னான். டவுனில் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஒரு அறையில் வைத்திருக்கிறார்கள், அறைச் சுவர், கூரை, தரை எல்லாம் பஞ்சு, சத்தம் வெளியே வராமல் இருக்க. எங்கள் மில் பஞ்சு. நாங்கள் அடித்த பஞ்சு. அதற்குப் பிறகு சூசையையும் பார்க்கவில்லை.

இங்கே விளக்கு அணைவதில்லை. மிஷின் நிற்பதில்லை. தட்டில் சோறு வருகிறது, தின்கிறோம். மிஷின் சந்தில் சுருண்டு தூங்குகிறோம், தட்டி எழுப்புகிறார்கள். எவ்வளவு நாள் என்று நகம் வளர்வதை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள் சிலர். அப்புறம் நகத்தைக் கடித்துவிட்டார்கள். வெளியே எங்கள் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கும். பஞ்சு லாரி வரும்போது கேட்டு விரியத் திறந்து கிடப்பதைக் கோடவுன் பக்கம் போகிறபோது பார்த்திருக்கிறோம். காவலுக்கு ஒரே ஒரு ஆள். அங்கே தெரு தெரியும், டீக்கடை தெரியும், வெயில் தெரியும். பரமன் ஒருமுறை கேட்டைப் பார்த்து நின்று, காலை எடுத்து வைக்கப் பார்த்தான். கால் வரவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. சங்கு ஊதவில்லையே. அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை.

கடற்கரை விளக்குமாறு வைத்துப் பஞ்சுக் கழிவு கூட்டுகிறான். இருமுகிறான். கூட்டுகிறான்.

ஒரிசாப் பிள்ளைகள் எங்களோடு பழகிவிட்டன. ஏசினவர்களே தலைபின்னிவிடுகிறார்கள். கடற்கரை கூட்டுகிற இடத்துக்குப் பக்கத்து பிரேமில் சுக்மதி என்று ஒரு பெண். இருபது இருக்கும். அவனுக்குத் தன் தட்டிலிருந்து பருப்பை ஊற்றுவாள், தாத்தா என்று கூப்பிடுவாள். அவளுக்கு எங்கள் பேச்சு அரைகுறை. ஒருநாள் தண்ணீர் டம்ளரை நீட்டி, "தண்ணி, லோஹா" என்றாள். புரியவில்லை. மிஷின் கம்பியைத் தட்டிக் காட்டினாள். "இது மாதிரி. வாய்ல."

கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு கோடவுனில் திரிகிற இரண்டு நாய்கள் மிஷின்களுக்கு இடையில் நடந்து வந்து, அவளுக்கு எதிரே, காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தன. அவள் துப்பட்டா முனையில் வாயைத் துடைத்தாள். துணியில் துரு. பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். எங்கள் முகத்தில் என்ன இருந்ததோ, சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

எங்கள் அப்பன் பாட்டன் காலில் இருந்த சங்கு, எங்களில் ஒருவருக்கும் வராமல், அதைக் கேட்டு ஒரு அடிகூட நடக்காத பிள்ளைக்கு வந்துவிட்டது. அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சங்கத்தின் முதல் வார்த்தை. ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் வெளியே போவோம். அவளுக்கு ஆடுகிற பல்லும், உதிர்கிற முடியும், பஞ்சுச் சுவரும். ஒருமுறை அப்படிக் கேட்டு வாங்கிய வெயில் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியும். மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பரமன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

கடற்கரை விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தொண்டையைத் தொட்டுக் காட்டினான். துண்டை வாயில் சுற்றிக் காட்டினான். மூக்கில் விரல் வைத்து ரத்தம் வழிவதைக் காட்டினான். தரையில் கிடந்த பஞ்சை அள்ளித் தன்னைச் சுற்றிச் சுவர் மாதிரி வைத்துக் காட்டினான். எதையும் மறைக்கவில்லை. அவள் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் இஷ்டம் தாயி" என்றான். "பொத்திக்கிட்டே இருந்தாலும் ஒருத்தரும் ஒன்னையத் தப்பா நெனைக்க மாட்டோம்."

அவள் விரல் இடுக்கு வழியாக ஆவுடைத்தாயைப் பற்றிக் கேட்டாள். "ஆச்சிக்கு பயம்?"

"பயந்தான். கடைசி மட்டும் பயந்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து சூப்பர்வைசர் வந்துகொண்டிருந்தார். கூட்டமாக நிற்பதைப் பார்த்துத்தான் வந்தார். அந்தப் பிள்ளைகள் வாயில் புகையிலை அடக்குகிறார்கள் என்று அவருக்கு எப்போதும் சந்தேகம். நேராக அவள் முன்னால் வந்து நின்றார். அவர் சட்டைப் பையில் கைபேசி இருந்தது. அதில் மணி இருந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

"வாய்ல என்ன அடக்கி வச்சிருக்கே? கையை எடு" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரமன் தலை நிமிர்ந்தது. நாய்கள் எழுந்து நின்றன. சுக்மதி அவரைப் பார்க்கவில்லை. கடற்கரையைப் பார்த்தாள். அவன் பஞ்சை ஒதுக்கிவிட்டு அவள் முதுகில் கை வைத்துக்கொண்டான், விழுந்தால் தாங்கிக்கொள்வதற்கு.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தாள்.

முதலில் எங்களுக்குக் காலில்தான் கேட்டது.